66 ஹெர்ட்ஸில் வீங்கும் அறை: அளந்து பார்த்து டிஎஸ்பி போட்டவர்கள் வழி சொல்லுங்கள்

#1 செவிக்கினியன்

வணக்கம் நண்பர்களே. பழைய இழைகளைத் தேடிப் பார்த்தேன், என் அறைக்குப் பொருந்தும் விடை கிடைக்கவில்லை. அதனால் புது இழை.

அறை 5.2 மீட்டர் நீளம், 3.6 அகலம், 2.9 உயரம். இரண்டு ஃப்ளோர்ஸ்டாண்டிங் ஸ்பீக்கர்கள், சின்னச் சுவர் பக்கம். ஸ்பீக்கரின் முன்முகத்துக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் இடையே சரியாக 50 செ.மீ. சோபா எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. சப்வூஃபர் (அடி பேஸுக்கென்று தனி ஸ்பீக்கர்) கிடையாது. பாட்டு கம்ப்யூட்டரிலிருந்து டாக் (டிஜிட்டலை அனலாக் ஆக்கும் கருவி) வழியாக ஆம்புக்குப் போகிறது.

பிரச்சினை இதுதான். பேஸ் கிடார் வரும் பாட்டில் ஒரே ஒரு நோட்டு மட்டும் அறையையே நிரப்பிவிடுகிறது. கிடார் வாசிக்கும் நண்பர் வந்து கேட்டுவிட்டு அது 'சி' என்றார். ஏ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட். அதற்குக் கீழே இருக்கும் 'பி'யும் மேலே இருக்கும் 'டி'யும் சாதாரணமாகத்தான் இருக்கின்றன. மிருதங்கத்தில் தொப்பி அடி 'தொம்' என்று விழுந்து நிற்க வேண்டியது, இழுத்துக்கொண்டே போகிறது.

கேபிள் மாற்றினேன். ஆம்ப் மாற்றினேன். போன வருடம் ஸ்பீக்கரையே மாற்றினேன். புது ஸ்பீக்கரிலும் அதே நோட்டுதான் வீங்குகிறது. நடுவில் கொஞ்ச நாள் ஒரு ரிசீவர் வைத்திருந்தேன், அதன் தானியங்கி அளவீட்டையும் ஓட்டிப் பார்த்தேன். பேஸ் வெற்றுக்கூடு மாதிரி ஆனது, பாடகர் குரல் மெலிந்து போனது. அணைத்துவிட்டேன்.

டிஎஸ்பி, அதாவது ஒலியை டிஜிட்டலாகத் திருத்துவது, உண்மையிலேயே உதவுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

#2 அலைநீளம்

செவிக்கினியன், உங்கள் பதிவிலேயே பாதி விடை இருக்கிறது. ஆம்ப் மாறியும் ஸ்பீக்கர் மாறியும் அதே நோட்டு வீங்குகிறது என்றால், மாறாமல் இருப்பது அறை மட்டும்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒலி சுமார் 20 டிகிரியில் வினாடிக்கு 343 மீட்டர் போகிறது. அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 343 ÷ 10.4, அதாவது 33 ஹெர்ட்ஸ். அது நீளவாக்கில் முதல் மோட், அதாவது சுவர்களுக்கு இடையே ஒலி மோதி மோதி அறை தானாகவே ஒத்ததிரும் அலைவரிசை. இரண்டாவது மோட் அதன் இரட்டிப்பு, 66 ஹெர்ட்ஸ். உங்கள் நண்பர் சொன்ன 'சி' நோட்டு 65.4 ஹெர்ட்ஸ். 'பி' 61.7, 'டி' 73.4. அறை எந்த நோட்டைப் பிடித்து இழுக்கிறது என்பதை உங்கள் காதே கண்டுபிடித்துவிட்டது.

சுவரை ஒட்டிய இடத்தில் எல்லா நீளவாக்கு மோடுகளின் அழுத்தமும் உச்சத்தில் இருக்கும். உங்கள் சோபா சரியாக அங்கேதான் இருக்கிறது. ஸ்பீக்கரும் எதிர்ச்சுவருக்குப் பக்கத்தில் நின்று அதே மோடை நன்றாகக் கிளப்பிவிடுகிறது.

ஆனால் இதை நம்பி உடனே ஈக்யூ (வேண்டிய அலைவரிசையை மட்டும் ஏற்றி இறக்கும் ஃபில்டர்) போடாதீர்கள். கணக்கு சொல்வது எங்கே தேட வேண்டும் என்பதை. எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதை மைக்தான் சொல்லும். அளந்துவிட்டு கிராஃபை இங்கே போடுங்கள்.

#3 மெல்லிசை

இடையில் ஒரு சந்தேகம். அளக்க போன் மைக் போதுமா? ஆப் நிறைய இருக்கிறதே.

#4 அலைநீளம்

போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. பல போன்களில் அடி பேஸ் வெட்டப்பட்டே பதிவாகும், சிலவற்றில் சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கும் வேலையும் நடக்கும். "இங்கே ஒரு வீக்கம் இருக்கிறது" என்று தெரிந்துகொள்ளலாம். அந்த அளவை வைத்து ஃபில்டர் போடுவது சரிவராது.

யூமிக்-1 மாதிரி யூஎஸ்பி அளவீட்டு மைக் ஒன்று வாங்குங்கள். முக்கியமானது கேலிப்ரேஷன் ஃபைல், அந்த மைக்கின் பிழையைச் சரிக்கட்டும் ஃபைல். ஒவ்வொரு மைக்குக்கும் அதன் சீரியல் எண்ணுக்கான ஃபைல் தனியாக வரும். மைக்கை ஸ்பீக்கர்களைப் பார்த்து நீட்டினால் 0 டிகிரி ஃபைல், கூரையைப் பார்த்து நிறுத்தினால் 90 டிகிரி ஃபைல். இதை மாற்றிப் போட்டுவிட்டு "ட்ரெபிள் அதிகமாக இருக்கிறது" என்று புலம்பிய பதிவுகள் நிறைய படித்திருக்கிறேன். பேஸில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, மேலே போகப்போகத்தான் விலகும்.

மென்பொருள் ஆர்இடபிள்யூ (ரூம் ஈக்யூ விசார்ட்). ஜான் மல்காஹி எழுதியது, இலவசமாகவே கிடைக்கிறது. அது கீழிருந்து மேல் வரை ஒரு ஸ்வீப் ஒலியை விடும், மைக் கேட்டதைக் கணக்குப் போட்டு அறையின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை (ஒரு நொடிப்பொழுதுத் தட்டலுக்கு அறை தரும் பதிலை) எடுத்துத் தரும். கிராஃப், வாட்டர்ஃபால் (ஒவ்வொரு அலைவரிசையும் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று காட்டும் படம்) எல்லாம் அந்த ஒரே இம்பல்ஸிலிருந்துதான் பிறக்கின்றன.

சில விஷயங்களில் கவனம் வையுங்கள். மைக் ஸ்டாண்டில் இருக்கட்டும், கையில் பிடிக்க வேண்டாம். காது உயரத்தில், தலை இருக்கும் இடத்தில். சோபாவின் முதுகு மைக்குக்கு நெருக்கமாக இருந்தால் அதன் பிரதிபலிப்பும் கிராஃபில் ஏறும், ஒரு போர்வையைப் போடுங்கள். இடது ஸ்பீக்கர் தனி, வலது தனி, கடைசியில் இரண்டும் சேர்த்து ஒன்று. மின்விசிறி, ஏசி எல்லாம் அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாவிட்டால் ஸ்வீப்பை நீளமாக்குங்கள். 256கே ஸ்வீப் 48 கிலோஹெர்ட்ஸில் சுமார் 5.5 வினாடி, 512கே அதன் இரட்டிப்பு. நீளம் இரட்டித்தால் பின்னணி இரைச்சலுக்கு எதிராக 3 டெசிபல் லாபம். மைக் இடத்தில் 75 டெசிபல் சத்தம் போதும், அலற விட வேண்டியதில்லை.

#5 செவிக்கினியன்

மைக் வந்துவிட்டது. இரண்டு மாலைகள் இதிலேயே போயின. இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து ஓடும்போது, சோபாவில்:

33 ஹெர்ட்ஸில் சராசரியைவிட 9 டெசிபல் மேலே. 66-இல் 13 டெசிபல் மேலே. 170 பக்கத்தில் ஒரு பள்ளம், 10 டெசிபல் கீழே. 200-க்கு மேலே சின்னச் சின்ன ஏற்ற இறக்கம், பொதுவாகச் சரிவு.

வாட்டர்ஃபாலில் மற்ற இடமெல்லாம் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. 66-இல் மட்டும் ஒரு நீண்ட மேடு, 400 மில்லிசெகண்டைத் தாண்டியும் நிற்கிறது. ஒரு வருடமாகக் காதில் கேட்டதைக் கண்ணால் பார்த்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

#6 மூன்றாம்சுவர்

அருமையான அளவீடு. ஈக்யூவைத் தொடும் முன்னால் சோபாவை நகர்த்துங்கள். செலவே இல்லாத டிஎஸ்பி அது.

இரண்டாவது மோடுக்கு அறை நீளத்தில் நாலில் ஒரு பங்கு தூரத்திலும் நாலில் மூன்று பங்கு தூரத்திலும் அழுத்தம் பூஜ்ஜியம். உங்கள் அறையில் பின்சுவரிலிருந்து 1.3 மீட்டர். அவ்வளவு தூரம் முன்னால் வர அறையில் இடம் இருக்காது, சரி. காது பின்சுவரிலிருந்து 80 செ.மீ. வந்தாலே அந்த மோட் சுமார் 5 டெசிபல் குறைய வேண்டும். 33 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், 1 டெசிபல் குறையலாம். ஆர்இடபிள்யூவிலேயே ரூம் சிமுலேட்டர் இருக்கிறது, அதில் தலையை இழுத்து நகர்த்திப் பாருங்கள், கண்ணெதிரே கிராஃப் மாறும்.

அந்த 170 பள்ளம் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் சுவரின் வேலை. ஸ்பீக்கரிலிருந்து பின்னால் போன ஒலி சுவரில் பட்டுத் திரும்பி, நேராக வரும் ஒலியோடு எதிர்க்கட்டத்தில் (ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி) சேர்கிறது. போய்வரும் தூரம் அரை அலைநீளம் ஆகும் இடத்தில் ரத்தாகும். கணக்கு: 343-ஐ தூரத்தின் நாலு மடங்கால் வகுக்க வேண்டும். 343 ÷ 2 = 171. டேப் எடுத்து அளந்த 50 செ.மீ. கிராஃபில் அப்படியே வந்து நிற்கிறது பாருங்கள்.

#7 நேர்கட்டம்

சோபாவை நகர்த்த முடியாத வீடுகளும் உண்டு, அதனால் மாற்றுக் கருத்து ஒன்று.

இன்றைக்கு ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரில் 65,536 டேப் எஃப்ஐஆர் ஃபில்டர் (எண்களின் நீண்ட வரிசையாக அமைந்த டிஜிட்டல் ஃபில்டர்; ஒவ்வொரு எண்ணும் ஒரு டேப்) அலுங்காமல் ஓடும். 48 கிலோஹெர்ட்ஸில் அது 1.37 வினாடி நீள ஃபில்டர். முக்கால் ஹெர்ட்ஸ் அளவுக்கு நுணுக்கமாகத் திருத்தலாம். பாராமெட்ரிக் ஈக்யூவில் (அலைவரிசை, அளவு, அகலம் மூன்றையும் நாமே வைக்கும் ஈக்யூ) பத்து ஃபில்டர் வைத்துத் தடவிக்கொண்டிருப்பதற்குப் பதில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அளவையும் கட்டத்தையும் சேர்த்தே திருத்திவிடலாம். நான் கம்விலாடிஎஸ்பி என்ற மென்பொருளை வைத்து மூன்று வருடமாக இப்படித்தான் கேட்கிறேன். பாடகர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஆணி அடித்தமாதிரி நிற்பார்.

170 பள்ளத்தையும் 10 டெசிபல் ஏற்றி நிரப்பிவிடலாமே?

திருத்தம்: மேலே கேமில்லாடிஎஸ்பி என்று படிக்கவும்.

#8 அலைநீளம்

நேர்கட்டம், உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கடைசி வரியில் நான் உடன்பட மாட்டேன், இதைப் புதிதாக வருபவர்கள் படிப்பார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் அந்த இடத்தில் 10 மடங்கு சக்தி தர வேண்டும். 5 வாட்டில் ஓடிக்கொண்டிருந்தது 50 வாட் கேட்கும். அந்தச் சக்தி எங்கே போகும்? ஸ்பீக்கரிலிருந்து நேராக வருவதும் 10 டெசிபல் ஏறுகிறது, சுவரில் பட்டு வருவதும் அதே 10 டெசிபல் ஏறுகிறது. இரண்டும் முன்போலவே ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சம பலத்தோடு ஆள் சேர்த்துக்கொண்டே போவது மாதிரி. முழு ரத்து நடக்கும் இடத்தில் எவ்வளவு ஏற்றினாலும் நிரம்பாது. பாதி ரத்து நடக்கும் இடத்தில் கிராஃப் நிரம்பும், ஆனால் அறையின் மற்ற இடமெல்லாம் 170 ஹெர்ட்ஸ் தூக்கலாகக் கேட்கும்.

செவிக்கினியனின் பழைய ரிசீவர் என்ன செய்தது என்று தெரியாது. ஆனால் பேஸ் வெற்றுக்கூடாகி, குரல் மெலிவது இப்படிப்பட்ட திருத்தத்தில் வரும் அடையாளம்தான்.

பீக் வேறு கதை. அது அறை சக்தியைச் சேர்த்து வைப்பதால் வருகிறது. அங்கே ஈக்யூ குறைக்கும்போது ஸ்பீக்கர் அந்த மோடுக்கு ஊட்டும் தீனியே குறைகிறது. இந்த அடி அலைவரிசையில் அறை பெரும்பாலும் மினிமம் ஃபேஸ் ஆக (அளவும் நேரமும் பிணைந்தே மாறும்படி) நடந்துகொள்கிறது, அதனால் உயரம் சரியானால் கூடவே நீளும் வாலும் சுருங்கும். இது டிஎஸ்பி நமக்குத் தரும் மிகப் பெரிய பரிசு. நான் இந்தப் பொழுதுபோக்கில் விழுந்ததே இந்த ஒரு விஷயத்துக்காக.

இனி மேல்பகுதி. அறையின் எதிரொலி நேரத்தைக் கன அளவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2000-ஆல் பெருக்கினால் வருவது ஷ்ரோடர் அலைவரிசை. 54 கன மீட்டர், 0.45 வினாடி என்று வைத்தால் சுமார் 180 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே அறை ஆள்கிறது. மேலே போகப்போக ஸ்பீக்கர் ஆள்கிறது. 5 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 7 செ.மீ.கூட இல்லை. தலையை மூன்று விரற்கடை திருப்பினால் மைக் பார்த்த கிராஃப் மாறிவிடும். ஒரே புள்ளியில் அளந்து அதை முடி பிளக்கிற நுணுக்கத்தோடு திருத்தினால், அந்தப் புள்ளிக்கு மட்டும் சரியான, மற்ற எல்லா இடத்துக்கும் தவறான ஃபில்டர்தான் கிடைக்கும்.

ஒலி ஆய்வாளர் ஃப்ளாய்ட் டூல் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதுதான். காது நேர் ஒலியையும் பின்னால் வரும் பிரதிபலிப்பையும் பிரித்துக் கேட்கிறது, மைக் இரண்டையும் கூட்டிக் காட்டுகிறது. நல்ல ஸ்பீக்கரின் நேர் ஒலி ஏற்கெனவே சமனாக இருந்தால், அறை கிராஃபைப் பார்த்து அதைத் திருத்தப்போய் கெடுத்துவிடுவோம்.

#9 நேர்கட்டம்

பள்ளம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். வேகத்தில் எழுதிவிட்டேன், நானே என் ஃபில்டரில் ஏற்றத்தை 3 டெசிபலோடு நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன்.

மேல்பகுதி விஷயத்தில் முழுதாக இறங்கி வர மாட்டேன். நான் ஒரே புள்ளி அளவீட்டை அப்படியே திருப்பிப் போடவில்லை. அலைவரிசைக்கு ஏற்ப மாறும் விண்டோ போடுகிறேன்: ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஐந்தாறு சுழற்சி நேரம் மட்டும் கணக்கில் வரும். மேலே போகப்போக விண்டோ குறுகி, சுவர்ப் பிரதிபலிப்புகள் பெரும்பாலும் வெளியே போய்விடும். மிஞ்சுவது ஸ்பீக்கரின் சொந்தக் குணம். இடதும் வலதும் ஒரு டெசிபல், ஒன்றரை டெசிபல் வேறுபட்டால் அதைச் சமன் செய்வதில் தப்பில்லை. நடுவில் நிற்கும் குரல் உறுதியாவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

லீனியர் ஃபேஸுக்கு (எல்லா அலைவரிசையையும் ஒரே அளவு தாமதிக்கும் ஃபில்டருக்கு) விலை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் நீளத்தில் பாதி தாமதம், அதாவது 0.68 வினாடி. பாட்டுக்குப் பரவாயில்லை. படம் பார்த்தால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். அளவுக்கு மீறித் திருத்தினால் டிரம் அடிக்கு முன்னாலேயே ஒரு மெல்லிய முன்னொலி கேட்கும். அதைக் கேட்டவர்களுக்கு மறக்காது.

தனிப் பெட்டியாக டிஎஸ்பி வாங்குபவர்கள் டேப் எண்ணிக்கையைப் பாருங்கள். 96 கிலோஹெர்ட்ஸில் 2048 டேப் என்றால் 21 மில்லிசெகண்ட்தான். நுணுக்கம் 47 ஹெர்ட்ஸ். அதை வைத்து 33 ஹெர்ட்ஸ் மோடைத் திருத்த முடியாது. பேஸுக்கு அந்தப் பெட்டியிலும் சாதாரண பாராமெட்ரிக் ஃபில்டர்தான் சரி.

#10 செவிக்கினியன்

நகர்த்திவிட்டேன். காது இப்போது பின்சுவரிலிருந்து 80 செ.மீ.

66 ஹெர்ட்ஸ் 13-லிருந்து 8-க்கு இறங்கியது. 33 ஹெர்ட்ஸ் 9-லிருந்து 8. மூன்றாம்சுவர் சொன்ன எண்கள் அப்படியே! மனம் நிறைந்துவிட்டது.

ஆனால் 107 ஹெர்ட்ஸில் முன்பு இல்லாத ஒரு பள்ளம் வந்திருக்கிறது, 6 டெசிபல். இது என்ன?

#11 மூன்றாம்சுவர்

அது உங்கள் தலைக்குப் பின்னால் இருக்கும் சுவர். 343 ÷ 3.2 = 107. முன்பு காது சுவரை ஒட்டி இருந்ததால் அந்தப் பள்ளம் வெகு மேலே இருந்தது. அறையில் எதையும் இலவசமாக வாங்க முடியாது, ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்று. எனக்கு இந்தப் பேரம் லாபமாகத்தான் தெரிகிறது. 6 டெசிபல் பள்ளம் காதுக்கு அவ்வளவாக உறுத்தாது, 13 டெசிபல் வீக்கம் ஒவ்வொரு பாட்டையும் கெடுக்கும்.

பின்சுவரில் தலைக்கு நேராக 20 செ.மீ. கனத்தில் ராக்வூல் பலகை வைத்தால் அந்தப் பள்ளம் நன்றாக ஆழம் குறையும். 5 செ.மீ. ஃபோம் ஒட்டினால் ட்ரெபிள் மட்டும் செத்துப்போகும், 107-ஐத் தொடவே தொடாது. நார்ப்பொருள் காற்றின் அசைவை உராய்ந்து நிறுத்துகிறது. சுவரில் அசைவே இல்லை, கால் அலைநீளம் தள்ளித்தான் அது உச்சம். 107-க்கு அது 80 செ.மீ. 33-க்கு இரண்டரை மீட்டருக்கு மேல். அதனால்தான் 33-ஐப் பலகையால் பிடிக்க முயலாமல் டிஎஸ்பியிடம் விடுகிறோம்.

ஸ்பீக்கரையும் பின்னால் தள்ளிப் பாருங்கள். முன்முகம் 35 செ.மீ.க்கு வந்தால் பள்ளம் 245-க்கு ஏறும். அங்கே 10 செ.மீ. பலகையே வேலை செய்யும். பின்பக்கம் போர்ட் (காற்றுத் துளை) இருந்தால் கைப்பிடி இடைவெளியாவது விடுங்கள்.

#12 தொப்பிநாதம்

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். நான் மிருதங்கம் வாசிப்பவன், எண்களில் உங்களோடு போட்டி போட முடியாது. காது பக்கம் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, ஈக்யூ போட்டுவிட்டு 'ஆன், ஆஃப்' செய்து ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் சத்தம் சமமாக இருக்க வேண்டும். ஃபில்டர் எல்லாம் வெட்டுவதுதான் என்பதால், போட்டதும் மொத்தச் சத்தம் குறையும். சத்தம் குறைந்ததை "உயிர் போய்விட்டது" என்று மனம் எடுத்துக்கொள்ளும். நானே இரண்டு மாதம் அப்படி நினைத்து நல்ல ஃபில்டரை அணைத்து வைத்திருந்தேன். 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையான பிங்க் நாய்ஸை (சோதனைக்கான சீரான இரைச்சல்) விட்டு, இரண்டு நிலையிலும் ஒரே அளவு வரும்படி சரிசெய்த பிறகு கேளுங்கள்.

இரண்டு, நேர்கோடாகத் தட்டையாக்காதீர்கள். கிராஃப் அழகாக இருக்கும், கேட்க ஒல்லியாக இருக்கும். ஸ்டூடியோவில் கலவை செய்தவர் கேட்ட அறையிலும் பேஸ் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்திருக்கும். கீழிருந்து மேலே மெல்லச் சரிய வேண்டும். ஒலி அளவீட்டுக் கருவி நிறுவனமான ப்ரூயெல் அண்ட் கியார் 1974-இல் வெளியிட்ட வளைவும் அப்படிச் சரிவதுதான். நான் 20 ஹெர்ட்ஸுக்கும் 20 கிலோஹெர்ட்ஸுக்கும் இடையே மொத்தம் 8 டெசிபல் சரிவு வைத்திருக்கிறேன். மெல்லிய சத்தத்தில் கேட்பவருக்கு பேஸ் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும், குறைந்த சத்தத்தில் நம் காது பேஸை விட்டுவிடும்.

தொப்பி அடி பற்றி எழுதியிருந்தீர்கள். அடி விழுந்ததும் வரும் 'தொ'வும் அதன்பின் வரும் 'ம்'மும் இரண்டு தனி விஷயமாகக் கேட்க வேண்டும். இரண்டும் ஒட்டிக் கேட்டால் வால் இன்னும் நீளமாக இருக்கிறது என்று பொருள். கிராஃப் சரியா என்று நான் இதை வைத்துத்தான் சோதிப்பேன்.

#13 அலைநீளம்

தொப்பிநாதம் அண்ணா சொன்ன சத்தச் சமன் விஷயத்தை எல்லாரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செவிக்கினியன், இப்போது ஃபில்டர். சோபாவைச் சுற்றி மைக்கை மெல்ல ஆட்டிக்கொண்டே ஒரு நிமிடம் பிங்க் நாய்ஸில் சராசரி எடுங்கள், தலை நகரும் பரப்பு முழுதும். ஒரே இடத்து அளவீட்டிலும் இந்தச் சராசரியிலும் இரண்டிலும் தெரிவதை மட்டும் திருத்துவோம். நீங்கள் போட்ட படத்தை வைத்து என் ஆலோசனை:

66 ஹெர்ட்ஸ், மைனஸ் 8 டெசிபல், க்யூ 8 (க்யூ கூடக்கூட ஃபில்டர் குறுகும்).
33 ஹெர்ட்ஸ், மைனஸ் 5 டெசிபல், க்யூ 5.

அவ்வளவுதான். 33-இல் மூன்று டெசிபலை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், சரிவு வளைவுக்கு அது தேவை. 107-ஐத் தொடாதீர்கள். 200-க்கு மேல் எதுவும் வேண்டாம்.

க்யூ பற்றி ஒரு வார்த்தை. ஃபில்டரின் வடிவம் மோடின் வடிவத்தோடு பொருந்தினால்தான் வால் சுருங்கும். ரொம்ப அகலமாகப் போட்டால் 'பி', 'டி' நோட்டுகளும் சேர்ந்து மெலியும். குறுகலாகப் போட்டால் மோடின் தோள்கள் இரண்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். க்யூவை 6, 8, 10 என்று மாற்றி ஒவ்வொன்றுக்கும் மறுபடி அளந்து வாட்டர்ஃபாலைப் பாருங்கள், எது சுருக்கமாக இருக்கிறதோ அதுவே உங்களுக்கு.

விண்டோஸ் என்றால் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் போதும், ஆர்இடபிள்யூவிலிருந்தே ஃபில்டர் ஃபைலை எழுதிவிடலாம். வெட்டு மட்டும் இருப்பதால் டிஜிட்டல் கிளிப்பிங் பயம் இல்லை. பின்னாளில் பேஸ் ஷெல்ஃப் (அடி பேஸ் முழுவதையும் தூக்கும் ஃபில்டர்) 3 டெசிபல் ஏற்றினால் அதிலுள்ள ப்ரீஆம்பை (மொத்தச் சத்த அளவை) மைனஸ் 3 வையுங்கள், மறக்க வேண்டாம்.

#14 செவிக்கினியன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஸ்பீக்கர் 35 செ.மீ.க்குப் போனது. பின்னால் 10 செ.மீ. பலகை, தலைக்குப் பின்னால் 20 செ.மீ. பலகை. இரண்டு ஃபில்டர். க்யூ 8-தான் சரியாக வந்தது, 10-இல் 63 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு தோள் நின்றது. 66-இல் வால் இப்போது 200 மில்லிசெகண்டுக்குள் அடங்குகிறது. 107 பள்ளம் 6-லிருந்து 3.

எண்கள் ஒரு பக்கம். நேற்று இரவு சத்தத்தைச் சமன் செய்துவிட்டு அந்தப் பழைய பாட்டைப் போட்டேன். 'சி' நோட்டு வந்தது, போனது. அடுத்த நோட்டு அதே உயரத்தில் வந்தது. பேஸ் கிடார்காரர் ஒரு வரி வாசிக்கிறார் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இதுவரை நான் கேட்டது அந்த வரியில் ஒரு நோட்டை மட்டும். ஃபில்டரை அணைத்துப் பார்த்தேன், பத்து வினாடி தாங்கவில்லை.

தொப்பிநாதம் அண்ணா, 'தொ'வும் 'ம்'மும் பிரிந்துவிட்டன. தனி ஆவர்த்தனம் ஒன்றை முழுதாகக் கேட்டேன்.

நேர்கட்டம் சொன்னபடி இடது, வலது வித்தியாசத்தையும் பார்த்தேன். விண்டோ போட்டுப் பார்த்தால் 2 கிலோஹெர்ட்ஸில் ஒன்றரை டெசிபல் விலகல். ஸ்பீக்கர்களை இடம் மாற்றி வைத்து அளந்தேன், விலகலும் கூடவே இடம் மாறியது. அப்படியானால் அது ஸ்பீக்கரின் குறைதானே? அகலமான ஒரே ஃபில்டர் போட்டேன். குரல் நடுவுக்கு வந்தது. இதைத் திருத்தியது சரிதானா, அலைநீளம்?

#15 அலைநீளம்

சரிதான். இடம் மாற்றி அளந்தது அருமையான சோதனை, எனக்கே தோன்றவில்லை. விலகல் ஸ்பீக்கரோடு போகிறது என்றால் அது ஸ்பீக்கருடையது, அங்கே ஈக்யூ நியாயம். அறையின் அதே பக்கத்தில் நின்றிருந்தால் தொட வேண்டாம் என்றிருப்பேன். நேர்கட்டத்துக்கு இந்தப் புள்ளி.

#16 மெல்லிசை

உங்களைப் பார்த்து நானும் மைக் வாங்கிவிட்டேன். என்னிடம் சப்வூஃபர் இருக்கிறது, க்ராஸ்ஓவர் (சப்பும் ஸ்பீக்கரும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் இடம்) 80 ஹெர்ட்ஸ். சப் தனியாக அளந்தால் நன்றாக இருக்கிறது, ஸ்பீக்கர் தனியாக அளந்தாலும் நன்றாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 80-இல் பெரிய பள்ளம். அறை மோடா?

#17 நேர்கட்டம்

தனித்தனியாக நன்றாக இருந்து, சேர்ந்தால் பள்ளம் என்றால் அது நேரப் பிரச்சினை. 80 ஹெர்ட்ஸின் ஒரு சுழற்சி 12.5 மில்லிசெகண்ட். சப் அதில் பாதி, அதாவது 6 மில்லிசெகண்ட் பிந்தி வந்தால் எதிர்க்கட்டம், ரத்து. 6 மில்லிசெகண்ட் என்பது ஒலிக்கு 2 மீட்டர் தூரம். சப்புக்குள் இருக்கும் டிஎஸ்பியே அவ்வளவு தாமதம் போட்டுவிடக்கூடும், டேப் வைத்து அளந்தால் தெரியாது.

ஆர்இடபிள்யூவில் அக்கூஸ்டிக் டைமிங் ரெஃபரன்ஸை (நேரக் கணக்குக்காக ஒரு ஸ்பீக்கரிலிருந்து வரும் குறிப்பொலி) போட்டு இரண்டையும் தனியாக அளந்து பாருங்கள். யூஎஸ்பி மைக்கில் அது இல்லாமல் நேரத்தை நம்ப முடியாது. பிந்தி வரும் சப்பை முன்னால் இழுக்க வழியில்லை, அதனால் முந்தி வரும் ஸ்பீக்கர்களைத் தாமதப்படுத்துங்கள். அரை மில்லிசெகண்ட் வீதம் ஏற்றிக்கொண்டே 80-ஐப் பாருங்கள். பள்ளம் நிரம்பி மேடாகும் இடத்தில் நிறுத்துங்கள். சரியான இடம்தானா என்று உறுதி செய்ய, சப்பின் பொலாரிட்டியை (பிளஸ், மைனஸை) திருப்பிப் போடுங்கள்: பள்ளம் ஆழமாகத் திரும்பி வர வேண்டும். எவ்வளவு ஆழமோ அவ்வளவு சரி. பிறகு பழையபடி வைத்துவிடுங்கள்.

#18 மெல்லிசை

5.5 மில்லிசெகண்டில் நிரம்பியது! பொலாரிட்டி திருப்பினால் 20 டெசிபல் பள்ளம். ஒரு ஃபில்டர்கூடப் போடவில்லை. சப் எங்கே இருக்கிறது என்பதே இப்போது காதுக்குத் தெரியவில்லை, ஒலி மொத்தமும் ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது.

அடுத்து 42 ஹெர்ட்ஸில் ஒரு மேடு இருக்கிறது. என் அறை நீளம் 4.1 மீட்டர். கணக்குப் போட்டுவிட்டேன், சோபாவை நகர்த்திவிட்டு கிராஃபோடு வருகிறேன்.